‘ட்ரை பண்றேன்’ என்ற ஏழு வீட்டார்

ஆவணி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் பல் துலக்கி, முகம் மழித்து, நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் அன்றைக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்களை எழுதினேன். வளையல் பெட்டி, சந்தனம், பன்னீர்ச் செம்பு, வாழை இலை, ஒரு பழைய துண்டு. பழைய துண்டு எதற்கு என்று என் மனைவி சாந்தி கேட்டாள். எங்கே போனாலும் கடைசியில் பழைய துண்டு ஒன்று தேவைப்படும் என்றேன்.

பத்தரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், என் தங்கை மகள் பவித்ராவின் மாமியார் வீட்டு அடுக்களையில் நின்றிருந்தேன். அவளுடைய வளைகாப்பில் வளையல் பூட்டும் நேரத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. பெண் வீட்டுப் பக்கம் ஏழு வீட்டார் கொண்டுவந்த ஏழு பாத்திரங்கள் தரையில் வரிசையாக இருந்தன. என் தங்கை செண்பகம் ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள்.

முதல் பாத்திரத்தில் புளியோதரை. இரண்டாவதிலும் புளியோதரை. மூன்றாவதைத் திறந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். ஐந்தாவதற்குப் பிறகு அவள் கை நின்றுவிட்டது. மிச்ச இரண்டையும் நான்தான் திறந்தேன்.

ஏழிலும் புளியோதரைதான்.

வீட்டுக்குள் வந்த சொல்

இந்த விபத்துக்குக் காரணம் ஓர் ஆங்கிலச் சொல். ‘ட்ரை’. பள்ளியில் அதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்லிக் கொடுத்தார்கள், முயற்சி செய். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறகு ராஜபாளையத்தில் இத்தனை வருஷம் வாழ்ந்ததில் அந்த அர்த்தத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டது அபூர்வம்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய மில் ஸ்டோர்ஸை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உதிரிச் சாமான்களை வாங்கி, அடுக்கி, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பது என் வேலை. அங்கே ‘இந்த பெல்ட்டை ட்ரை பண்ணிப் பாருங்க’ என்றால், அறுந்து விழும்வரை ஓட்டுங்கள் என்று பொருள். ஜவுளிக் கடையில் ‘ட்ரை பண்ணிப் பாருங்க’ என்றால், போட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகாதீர்கள் என்று பொருள்.

‘பையன் கவர்மெண்டு வேலைக்கு ட்ரை பண்றான்’ என்றால் வீட்டில் இருக்கிறான். ‘அந்தப் பிள்ளைய ட்ரை பண்றான்’ என்றால் வீட்டில் இருப்பதில்லை. ‘உங்களுக்குப் போன் ட்ரை பண்ணிக்கிட்டே இருந்தேன்’ என்றால் இப்போதுதான் நம் ஞாபகம் வந்திருக்கிறது.

பவித்ராவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை. ஒரு விசேஷ வீட்டில் தூரத்து உறவுக்காரி ஒருத்தி அவளை ஓரமாக அழைத்து, “ஏட்டி, ட்ரை பண்றீகளா இல்லையா?” என்று கேட்டாள். பவித்ராவின் கணவன் கார்த்திக் ராணுவத்தில் இருக்கிறான். “அவுக பனிக்குள்ள நிக்காக சித்தி. நான் இங்க ரேஷன் கடையில நிக்கேன். போன்ல எப்படி ட்ரை பண்ண?” என்றாள். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் யாரையும் ஓரமாக அழைத்ததில்லை.

ஒரே ஒரு முறை அந்தச் சொல் விளையாட்டாக இல்லை. அப்பாவை மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது டாக்டர் வெளியே வந்து, “ட்ரை பண்றோம்” என்றார். நான் தலையாட்டினேன். நடைபாதையில் யாரோ சாத்துக்குடி உரித்த வாசனை. இன்றைக்கும் சாத்துக்குடி வாங்கும்போது பழத்தை முகர்ந்து பார்க்க மாட்டேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பெரிய உபயோகம் வேறு. யாராவது ஒன்றைக் கேட்டால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அது மரியாதைக் குறைவு. ‘ட்ரை பண்றேன்’ என்போம். கேட்டவருக்கும் புரிந்துவிடும். இரண்டு பேரும் காப்பி குடித்துவிட்டுப் பிரிவோம்.

நான் மட்டும் வருவேன், வரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகள் குறைவு.

பாப்போம் மதினி

பவித்ராவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், வளையல் பூட்ட நாள் குறிக்க நானும் செண்பகமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பவித்ராவின் மாமியார் கோமதியம்மாள் அதிகம் பேசாதவர். கணவர் போலீஸில் இருந்து காலமானவர். ஒரே மகன் எல்லையில். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான்.

நாள் பேசி முடித்தபின் செண்பகம் மெதுவாக ஆரம்பித்தாள். “வளையல் பூட்டுன கையோட பிள்ளைய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதோம் மதினி. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான.”

கோமதியம்மாள் தம்ளரின் விளிம்பைத் துடைத்தார். “ரோடு பூரா வேகத்தடையால்ல கெடக்கு. இங்க ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். பாப்போம் மதினி, ட்ரை பண்ணுவோம்.”

அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே அரை மணி நேரப் பஸ் பயணம்கூடக் கிடையாது. அந்தப் பஸ்ஸில் என் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள்.

“மாட்டேன்னுட்டாகளேண்ணே.”

“அப்படிச் சொல்லலையே.”

“ட்ரை பண்ணுவோம்னா பொறவு என்னவாம்? எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. அதுக்கு ஒரு வெந்நி வச்சு ஊத்தக்கூட எனக்குக் குடுத்து வைக்கல.”

மம்சாபுரம் விலக்கு தாண்டும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். விசேஷத்தில் ஒரு சின்னக் குறைகூட இருக்கக் கூடாது. எல்லாம் நிறைவாக இருந்து, நாலு பேர் முன்னால் கேட்டால், சம்பந்தியம்மாளால் மறுக்க முடியாது.

சோற்றுப் பங்கீடு

வளையல் பூட்டின்போது ஏழு வகைச் சோறு முன்னால் வைத்து, கர்ப்பிணிக்கு ஊட்டிவிட்டு, வந்த பெண்களுக்குக் கொடுப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தில் அதில் ஒரு கூடுதல் வழக்கம் உண்டு. அந்தச் சோற்றைச் சமையல்காரரோ பெண்ணைப் பெற்றவளோ சமைக்கக் கூடாது. ஏழு வீடுகள் ஆளுக்கொரு சோறு ஆக்கிக் கொண்டுவர வேண்டும். ஏழு வீட்டு அடுப்பும் அந்தப் பிள்ளைக்காக எரிய வேண்டும் என்பார்கள்.

யார் எதை ஆக்குவது என்று பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டோர்ஸில் சாமான் பிரித்துக் கொடுப்பவனுக்கு இது என்ன பெரிய வேலை? எங்கள் வீட்டுக்கு எலுமிச்சை. மம்சாபுரம் சித்திக்குத் தேங்காய்ச் சோறு. பக்கத்து வீட்டு ஜானகி அக்காவுக்குத் தயிர்ச் சோறு. இன்னும் மூன்று வீடுகளுக்கு எள், தக்காளி, சர்க்கரைப் பொங்கல். என் மச்சானின், அதாவது செண்பகம் கணவரின், தம்பி முத்து கூமாப்பட்டியில் விவசாயம் பார்க்கிறான். அவன் வயலில் இரண்டு புளியமரங்கள் உண்டு. அவனுக்குப் புளியோதரை.

ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன்.

“ட்ரை பண்றேன்யா, முட்டு வலி வேற” என்றார் சித்தி. வீட்டில் தெலுங்கு பேசும் ஜானகி அக்கா, “ட்ரை சேஸ்தா தம்புடு” என்றார். முத்து, “எம்புட்டுக்கு ஆக்கணும்ணே? சரி, ட்ரை பண்ணுதேன். இங்க மோட்டார் காயில் போயிருச்சு” என்றான். புளியோதரைக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

ஏழு வீட்டுப் பெயருக்கு எதிரேயும் சரி என்று குறித்துக்கொண்டேன். சாந்தி எட்டிப் பார்த்தாள்.

“எல்லாரும் ட்ரைன்னுதான சொன்னாக?”

“இது பிள்ளைத்தாச்சி விசேஷம். இதுல அப்படி இருக்க மாட்டாங்க.”

“நீங்க ஸ்டோர்ஸோட இருந்துக்கோங்க” என்றாள்.

பிறகு நடந்ததை ஏழு வீட்டாரிடமும் தனித்தனியாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முத்து வீடு தவிர எல்லா வீட்டிலும் ஒரே யோசனை. வளையல் பூட்டில் எந்தச் சோறு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், புளியோதரை இல்லாமல் ஆகாது. பிள்ளைத்தாச்சியின் வாய் கேட்பது புளிப்பைத்தான். அந்தப் புளியோதரையைப் பங்கு பிரித்த அண்ணாச்சி போயும் போயும் முத்துவிடம் கொடுத்திருக்கிறார். முத்துவோ ட்ரை பண்ணுகிறேன் என்று சொல்லி இதுவரை எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. ஆகவே நாம் புளியோதரை ஆக்கிவிடுவோம். நமக்குக் கொடுத்த சோறு? அதற்கும் ட்ரை என்றுதானே சொல்லியிருக்கிறோம்.

என் சொந்த வீட்டிலும் அதேதான் நடந்தது. எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தவன் நான். வேனில் என் மடியில் சூடாக இருந்த பாத்திரத்தில் எலுமிச்சைச் சோறு இருப்பதாகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நினைத்துக்கொண்டு போனேன்.

முத்துவும் வந்திருந்தான். விடிகாலையிலேயே கிளம்பி, மூன்று பேர் தூக்கும் அளவு ஓர் அண்டாப் புளியோதரையோடு.

எட்டாவது பாத்திரம்

வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“நான்தான் சொன்னபடி கொண்டாந்துட்டேன்லண்ணே” என்றான் முத்து.

“நீ பேசாத. உன்னாலதான்டா எல்லாம்” என்றார் சித்தி.

“கொண்டு வந்தது குத்தமா சித்தி?”

“ஆமா. என்னைக்கும் இல்லாத வழக்கமா வந்து நிக்க.”

செண்பகம் சுவரில் சாய்ந்தாள். “ஏழு சோறுன்னு சொல்லி ஊரைக் கூட்டியாச்சு. இனி என் பிள்ளைய அனுப்பச் சொல்லி எந்த வாயால கேப்பேன்?”

அப்போது கோமதியம்மாள் கதவருகே வந்து நின்றார். திறந்திருந்த பாத்திரங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் போனார். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

செத்த நேரத்தில் அவர் ஓர் எவர்சில்வர் தூக்குவாளியோடு திரும்பி வந்தார். வரிசையின் கடைசியில், கிட்டத்தட்டக் கோடு பிடித்த மாதிரி வைத்து, மூடியைத் திறந்தார்.

புளியோதரை.

“எல்லாரும் ட்ரை பண்றோம்னு சொல்லியிருக்காகன்னு பவித்ரா சொன்னா. எதுக்கும் இருக்கட்டும்னு வெள்ளனவே கிண்டி வச்சேன்” என்றார். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், “உங்க பக்கம் காரம் கூடப் போடுவீக. அவளுக்கு இப்ப நெஞ்சு எரியுது.”

முதலில் சிரித்தது ஜானகி அக்கா. பிறகு சித்தி, முட்டியைப் பிடித்துக்கொண்டு. சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோமதியம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கியதில் மூக்கு விடைத்தது.

எட்டுப் பாத்திரங்களையும் மணைக்கு முன்னால் வைத்தோம். வந்திருந்தவர்களில் ஒருத்தி, “என்ன எல்லாம் ஒரே நிறமா இருக்கு?” என்று கேட்டாள். சாந்திதான் பதில் சொன்னாள். “நிறம்தான் ஒண்ணு. தின்னு பாருங்க.”

உண்மைதான். சித்தி வீட்டுடையதில் நிலக்கடலை, ஜானகி அக்காவுடையதில் கடுகு அரைத்துப் போட்ட நெடி, இன்னொரு வீட்டுடையதில் எள், வேறொன்றில் நாக்கின் ஓரத்தில் வெல்லம். முத்துவுடையதில் புளி மட்டும்தான் இருந்தது. மணையில் உட்கார்ந்திருந்த பவித்ரா கண்ணை மூடிக்கொண்டு, ஊட்டியது எந்த வீட்டுச் சோறு என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி வாய் ஊட்டியபோது கண்ணைத் திறக்காமலே, “இது எங்க அத்தை” என்றாள். எது நல்ல புளியோதரை என்று பெண்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. பந்திச் சாப்பாட்டுக்கு இலை போட்டும் யாரும் எழுந்து போகவில்லை.

யாரும் கேட்காதது

வளையல் பூட்டி, ஆரத்தி எடுத்தாயிற்று. கூட்டம் கலைய ஆரம்பித்தது. மச்சான் தன் வேனை வாசலில் திருப்பி நிறுத்தினார். அவர் இப்படிப்பட்ட பேச்சு நடக்கும்போதெல்லாம் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறவர்.

செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அப்ப மதினி... பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம்.”

அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கோமதியம்மாள், “அதான் ட்ரை பண்ணுவோம்னு சொன்னேன்ல மதினி” என்றார்.

செண்பகத்தின் முகம் விழுந்தது. வழக்கப்படி இந்த இடத்தில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஸ்டோர்ஸில் ஒருவர் வந்து மெஷினை ஓட்ட ட்ரை பண்ணுகிறோம் என்றால், அதற்கு என்ன சாமான் குறைகிறது என்று கேட்டுப் பழகியவன் நான்.

“ட்ரை பண்றதுன்னா என்ன செய்யணும் சம்பந்தியம்மா? எது இருந்தா நடக்கும்?”

சாந்தி என்னை முறைத்தாள். ட்ரை என்று சொன்னவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கோமதியம்மாளும் இதை எதிர்பார்க்கவில்லை. வேகத்தடை என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எட்டு மணிக்கு அவன் போன் பண்ணுவான் அண்ணாச்சி. இவ போனுக்கு. முகம் பாத்துப் பேசலாம். கல்யாணத்துக்கு முந்தி எனக்கு வாரத்துக்கு ஒருக்கா பண்ணுவான், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு ரெண்டு வார்த்தை. இவ வந்த பொறவு தெனமும் பாக்கேன். இவ அங்க வந்துட்டா அவன் அங்கதான பேசுவான்? அது நாயந்தான். நான் அதுக்குத்தான் மனசைப் பழக்கணும்னு ட்ரை பண்ணிக்கிட்டு இருக்கேன். இன்னும் வரல.”

பவித்ரா கை நிறைய வளையல்களோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். “அத்தை, நீங்களும் வாங்க.”

“சம்பந்தி வீட்ல போயி ராத்தங்கவா?”

“எங்க வீட்ல வந்து தங்குங்க மதினி. யாரு என்ன சொல்லுவா?” என்றாள் செண்பகம். மகளைக் கேட்க வந்தவள், இப்போது சம்பந்தியையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோமதியம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “நீங்க மொதல்ல பிள்ளைய ஏத்துங்க” என்றார். பிறகு, “நான் ட்ரை பண்றேன்” என்றபடி உள்ளே போய்விட்டார்.

பழைய துண்டு

பிள்ளையை ஏற்ற அனுமதி கிடைத்ததே போதும் என்று எல்லோரும் வேகமாக ஏறினோம். பவித்ரா முன் சீட்டில், முதுகுக்குத் தலையணை வைத்து. பாத்திரங்களைப் பின்னால் அடுக்கினேன். ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். உள்ளே இருந்து சத்தமே இல்லை. இந்தச் சொல்லை இத்தனை வருஷம் கேட்டுப் பழகியவன் என்ற முறையில் நானே முடிவெடுத்தேன்.

“வர மாட்டாங்க. கிளம்புங்க மச்சான்.”

“இன்னும் செத்த நேரம் நில்லுங்க மாமா” என்றாள் பவித்ரா.

“ட்ரை பண்றேன்னுட்டாங்க. இதுக்கு மேல நின்னா அவங்களுக்குத்தான் சங்கடம்.”

வண்டி உறுமி ஒரு முழம் நகர்ந்தது. அப்போது கதவு பூட்டும் சத்தம் கேட்டது. கோமதியம்மாள் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தோளில் ஒரு துணிப்பையும் கையில் தூக்குவாளியுமாகப் படியிறங்கி வந்தார். என் ஜன்னல் பக்கம் நின்றார்.

“கிளம்பச் சொல்லிட்டீகளா அண்ணாச்சி? அடுப்பைத் தொடைச்சு, கேஸை மூடி, பக்கத்து வீட்ல மாட்டைப் பாத்துக்கச் சொல்லிட்டு வர வேண்டாமா? அதான் ட்ரை பண்றேன்னு சொன்னேன்ல.”

நான் இறங்கி வாளியை வாங்கிக்கொண்டேன். மூடி தளர்ந்து எண்ணெய் வழிந்திருந்தது. பழைய துண்டு அப்போதுதான் தேவைப்பட்டது.

வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் மச்சான் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் பின் சீட்டிலிருந்து கோமதியம்மாள், “மெள்ள, மெள்ள” என்றார். செண்பகம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் அவருடைய துணிப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி எட்டு மணிக்குக் கார்த்திக்கின் அழைப்பு வந்தது. எல்லாத் தலைகளும் ஒரே திரைக்குள் நுழைந்தன. “லீவு எப்பப்பா?” என்று கேட்டார் அவன் அம்மா.

“ட்ரை பண்றேன்மா.”

யாரும் சிரிக்கவில்லை. “அவன் சொன்னா அது நெசந்தான்” என்று அவர் செண்பகத்திடம் சொன்னார்.

திங்கட்கிழமை

அந்த அழைப்பு முடிந்ததும் பவித்ரா என்னிடம் ரகசியமாக ஒன்று சொல்லியிருந்தாள். அத்தைக்கென்று தனியாக ஒரு டச் போன் இருக்கிறது, போன லீவில் மகன் வாங்கிக் கொடுத்தது, ஒரே வீட்டில் இருந்ததால் அதில் முகம் தெரிகிற மாதிரி யாரும் செய்து கொடுக்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்ததும், மோட்டார்கூடப் போடாமல், முதல் வேலையாக அடுத்த தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் விளக்கு எரிந்தது. இரண்டு சம்பந்திமாரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பவித்ராவுக்கு வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க போனைக் குடுங்க சம்பந்தியம்மா. அஞ்சு நிமிஷ வேலை. மகன் முகத்தை நீங்க எங்க இருந்தாலும் பாக்கலாம்” என்றேன்.

கோமதியம்மாள் போன் இருந்த துணிப்பையைக் கொஞ்சம் தள்ளித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. அது சரியாயிட்டா நான் ஊருக்குப் போக வேண்டியதாயிரும்.”

செண்பகம் தலை நிமிராமல் ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். புளியோதரை. எட்டு வீட்டில் யாருடையது என்று நான் கேட்கவில்லை. காரம் குறைவாக இருந்தது.